சான் ஜிமிஞானோ: கோபுர ஊர் பற்றிச் சில கேள்விகள்

இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில், குன்றின் மேல் இருக்கும் சின்ன ஊர் இது. வந்த கேள்விகளும் என் பதில்களும்:

கேள்வி: ஒரு காலத்தில் 72 கோபுரங்களாமே! எல்லாம் தேவாலயக் கோபுரங்களா?

பதில்: இல்லை, பெரும்பாலும் வீட்டுக் கோபுரங்கள். குங்குமப்பூ விற்றும் வட்டிக்கு விட்டும் பணம் சேர்த்த குடும்பங்கள் வீம்புக்குக் கட்டியவை. ஊர் மன்றத்துக்கே பொறுக்கவில்லை. 1255-இல், ஊர் ஆட்சித் தலைவரின் மாளிகைக் கோபுரமான ரோஞோசாவைவிட உயரமாக யாரும் கட்டக் கூடாது என்று சட்டம் போட்டது. இன்று நிற்பவை 14.

கேள்வி: மற்ற ஊர்களில் இடிந்துபோனவை இங்கே எப்படித் தப்பின?

பதில்: எல்லாம் வறுமையின் புண்ணியம்! 1348-இல் கொள்ளைநோய் ஊரைச் சூறையாடியது. 1353-இல் ஊர் பிளாரன்சுக்கு அடங்கியது. அதன்பின் பழையதை இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடம் காசு இருந்தது?

கேள்வி: அங்குள்ள பெரிய தேவாலயமான டுவோமோ, கதீட்ரல்தானே?

பதில்: பேச்சு வழக்கில் டுவோமோ என்பார்கள். ஆனால் ஆயர் (பிஷப்) இருக்கை இல்லாததால் அது கதீட்ரல் ஆகாது. கொலெஜாட்டா, அதாவது குருக்கள் குழு நடத்தும் தேவாலயம், என்பதே சரி. 1148-இல் அர்ச்சிக்கப்பட்டது. உள்ளே இவ்வூர்ப் புனிதை பீனாவின் சிற்றாலயத்தில் ஓவியர் கிர்லாந்தாயோ வரைந்த அவருடைய அடக்கச் சடங்குக் காட்சியைத் தவறவிடாதீர்கள். பின்னணியில் இதே ஊரின் கோபுரங்கள் தெரியும்.

கேள்வி: அம்மாவுக்கு முட்டிவலி. நகர மாளிகைக்குப் போகலாமா ஐயா?

பதில்: மாளிகையின் டோரே கிரோஸா கோபுரம் 54 மீட்டர் உயரம், அம்மாவுக்கு வேண்டாம். நீங்கள் ஏறிவிட்டு வாருங்கள், அதுவரை அவர் சிஸ்தெர்னா சதுக்கத்துக் கிணற்றுப் படியில் உட்காரட்டும். மாளிகையின் தாந்தே மண்டபத்தைப் பார்த்துவிடுங்கள். 1300-இல் பிளாரன்சின் தூதராகக் கவிஞர் தாந்தே வந்ததன் நினைவாக அந்தப் பெயர். சுவர் முழுக்க ஓவியர் லிப்போ மெம்மி 1317-இல் வரைந்த மாதாவும் சூழ நிற்கும் புனிதர்களும்.

கேள்வி: அரை நாள்தான் இருக்கிறது. ஒரே ஒரு தேவாலயம் என்றால்?

பதில்: சரி, சண்டைக்கு வராதீர்கள்: ஊரின் வடகோடியிலுள்ள சந்த் அகோஸ்தினோ. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் செங்கல் கொட்டகை மாதிரி இருக்கும். பலிபீடத்தின் பின்னால் போங்கள். ஓவியர் பெனோஸ்ஸோ கோஸ்ஸோலி 1464-65-இல் தீட்டிய புனித அகுஸ்தினார் வாழ்க்கை, 17 காட்சிகளாக இருக்கிறது. முதல் காட்சியில் அப்பா அம்மா அவரைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறார்கள். அந்தப் பக்கம் வேறொரு பொடியன் வாத்தியாரிடம் பின்புறத்தில் அடி வாங்கிக்கொண்டிருக்கிறான்.