கொகுபத்தில் போட்ட தக்காளி, கறிமிளகாய் நாற்று வளராமல் நிற்கிறது: உரம் கூட்டலாமா?

கேள்வியின் சுருக்கம் இது. நுவரெலியாவில் வீட்டுக்குள், யோகட் கப்பில் கொகுபத் (தேங்காய் மட்டைத் தூள்) நிரப்பித் தக்காளியும் கறிமிளகாயும் போட்டு மூன்று வாரம். வித்திலை இரண்டோடு ஒரேயொரு இலை வந்து நின்றுவிட்டது. இலை வெளிறி, அடிப்பக்கம் ஊதா. நாலைந்து கன்று சாய்ந்துவிட்டது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். தண்ணீரில் கரைத்து ஊற்றும் அல்பர்ட் உரத்தைக் கூட்டலாமா என்று கேட்கிறீர்கள்.

இன்றைக்குக் கூட்ட வேண்டாம். முதலில் சோர்ந்த கன்று ஒன்றைக் கொகுபத்தோடு கரண்டியால் தோண்டி எடுத்து, கிண்ணத் தண்ணீரில் மெதுவாக அலசி வேரைப் பாருங்கள். வேர் வெள்ளையாக, மெல்லிய மயிரோடு இருந்தால் கன்றுக்குக் குளிர் அல்லது பசி. பழுப்பாகி, விரலால் இழுத்ததும் தோல் கழன்று நூல் மட்டும் கையில் வந்தால் அழுகல். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் குளிரும் ஈரமும் சேர்ந்து வேரை முடக்கியிருக்கின்றன. வேர் வேலை செய்யாத கன்றுக்கு ஊற்றும் உரம் கப்பிலேயே உப்பாகச் சேரும், கன்றுக்குப் போகாது.

கொகுபத் தன் எடையைப் போல ஏழெட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேற்பரப்பு மட்டும் காய்ந்து வெளிர்நிறமாகத் தெரியும், ஒரு அங்குலம் கீழே சொதசொதவென்று இருக்கும். மேலே பார்த்துத் தண்ணீர் ஊற்றுவதுதான் இங்கே நடக்கும் பெரிய பிழை. கொழும்பு வெயிலில் ஒரே நாளில் காயும் கப், மூடுபனி நாட்களில் நுவரெலியாவிலோ ஹற்றனிலோ பல நாள் ஈரமாகவே கிடக்கும். அதனால் "தினமும் இரண்டு வேளை" என்ற கீழ்நாட்டுக் கணக்கு நமக்குச் சரிவராது. கப்பைத் தூக்கிப் பாருங்கள். நனைத்து வடிந்தபின் உள்ள பாரம் கைக்குப் பழகிவிடும். அது ஏறக்குறைய பாதியாகக் குறைந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். புதிதாக நிரப்பும்போது ஒரு பிடி கொகுபத்தை இறுக்கிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு விழுந்தால் சரி, ஒழுகினால் இன்னும் பிழிய வேண்டும். கப்பின் அடியில் சூடான ஆணியால் நாலு துளை போட்டிருக்க வேண்டும், கீழே வைத்த தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது. கருக்கிய உமி கிடைத்தால் நாலில் ஒரு பங்கு கலவுங்கள், வேருக்குக் காற்று கிடைக்கும்.

அடுத்தது சூடு. அறையில் எவ்வளவு என்பது முக்கியமில்லை, காலை ஆறு மணிக்குக் கொகுபத்துக்குள் எவ்வளவு என்று பாருங்கள். ஈரம் ஆவியாகும்போது அது சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். 15 பாகைக்குக் கீழே தக்காளி வேர் மிகவும் மந்தமாகிவிடும், கறிமிளகாய் 18க்குக் கீழேயே தயங்கும். அந்த ஊதா நிறம் பொசுபரசுக் குறைபாட்டின் அடையாளம்தான். ஆனால் பெரும்பாலும் பொசுபரசு இல்லாததால் வருவதில்லை, குளிர்ந்த வேரால் அதை எடுக்க முடியாததால் வருகிறது. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் இது எளிதில் வரும். கோவா, லீக்ஸ், சலாது போட்டிருந்தால் இவ்வளவு கவலை தேவையில்லை, அவை குளிரைத் தாங்கும்.

மீன் கடையில் ரெஜிபோம் பெட்டி ஒன்று வாங்கி, உப்புப் போக நன்றாகக் கழுவி, இரவில் கப்புகளை அதற்குள் வையுங்கள். நடுவில் சுடுதண்ணீர் நிரப்பிய ஒன்றரை லீற்றர் போத்தல் இரண்டு. போத்தலைத் துணியில் சுற்றுங்கள், கன்றில் தொடக் கூடாது. மூடியைக் கொஞ்சம் விலக்கி வைத்தால் உள்ளே வியர்க்காது. பீலித் தண்ணீரை அப்படியே ஊற்றாமல், சுடுதண்ணீர் கொஞ்சம் கலந்து, கைக்குக் குளிர் தெரியாத பதத்தில் காலையில் மட்டும் ஊற்றுங்கள். விறகடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் சூடு கிடைக்கும் என்று சிலர் வைப்பார்கள். புகையில் எதிலீன் வாயு இருக்கிறது, தக்காளி அதற்கு மிகவும் கூசும்: கப்பில் ஈரமிருந்தும் இலை கீழ்நோக்கி மடங்கித் தொங்கும். லயத்து வீடு என்றால் புகை வராத பக்கமாகப் பார்த்து வையுங்கள்.

இனிக் கொகுபத்தைப் பற்றி. தேங்காய் மட்டையில் பொற்றாசியமும் சோடியமும் இயல்பாகவே அதிகம், உப்புநீரில் ஊறிய மட்டையென்றால் இன்னும் கூடும். இவை தூளில் ஒட்டிக்கொண்டிருக்கும். நாம் கொடுக்கும் கல்சியத்தையும் மக்னீசியத்தையும் தூள் பிடித்துக்கொண்டு, பதிலுக்குப் பொற்றாசியத்தை வெளியே விடும். கழுவும் தண்ணீர் பிளேன்டீ நிறத்திலிருந்து தெளிவானதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அந்த நிறம் வெறும் சாயம். ஒட்டியிருக்கும் உப்பை வெறும் தண்ணீர் முழுதாகக் கழற்றாது, கல்சியம்தான் தள்ளிவிடும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் சுண்ணாம்பு உண்டு. மலையக ஊற்று நீரோ மிக மென்மையானது, கல்சியம் அரிது. எனவே ஒரே கொகுபத் கட்டி அங்கே தரும் தொல்லையைவிட இங்கே அதிகம் தரும்.

650 கிராம் கட்டிக்கு 4 லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றினால் எட்டு ஒன்பது லீற்றர் அளவுக்கு உப்பும். சாக்கில் கட்டி இரண்டு முறை அலசிப் பிழியுங்கள். பிறகு 4 லீற்றர் தண்ணீரில் 12 கிராம் கல்சியம் நைத்திரேற்று கரைத்து, அதில் ஒரு நாள் ஊறவைத்துப் பிழிந்து, வெறும் தண்ணீரில் ஒரு தடவை அலசுங்கள். தோட்டத்தில் தேயிலைக்குப் போடும் டொலமைட் என்ற சுண்ணாம்புத் தூள் கைவசம் இருக்கும். அதை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது மெதுவாகக் கரையும், போதாததற்கு பீஎச்சை (காரத்தன்மையை) உயர்த்தி இரும்பை எடுக்க விடாமல் செய்யும்.

ஏற்கனவே நட்டிருக்கும் கன்றுகளுக்கு லீற்றருக்கு அரைக் கிராம் கல்சியம் நைத்திரேற்று கரைத்து, அடியால் நன்றாக வடியும்வரை ஒரே ஒரு முறை ஊற்றுங்கள். கொகுபத்தைச் சூடாக்கி, ஈரத்தைக் குறைத்து நாலு நாள் போன பிறகு இதைச் செய்ய வேண்டும், முன்னதாக அல்ல.

உரம் அதற்குப் பிறகு. கொகுபத்தில் நைதரசன் இல்லையென்றே சொல்லலாம். முதல் உண்மையான இலை விரியும்போது வித்திலையின் சேமிப்பும் தீர்ந்துவிடுகிறது. ஆகவே அப்போதிருந்து உரம் வேண்டும்: அல்பர்ட் பக்கற்றில் ஒரு லீற்றருக்குச் சொன்ன அளவில் கால்வாசி, மூன்றாவது இலை வந்ததும் அரைவாசி. கரைசலில் உள்ள உப்பின் அளவைக் காட்டும் ஈசி மீற்றர் இருந்தால் 0.6இலிருந்து 0.8 mS/cm, பிறகு 1.2 வரை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அடியால் வடிய வேண்டும். கெட்டியாகக் கரைத்துப் போத்தலில் எடுத்து வைக்காதீர்கள், கல்சியம் பொசுபேற்றோடு சேர்ந்து வெள்ளையாக அடியில் படிந்துவிடும்.

கீழ் இலை முழுதாக மஞ்சளானால் நைதரசன் குறைவு. கீழ் இலையில் நரம்பு பச்சையாக இருந்து இடைவெளி மட்டும் மஞ்சளானால் மக்னீசியம், லீற்றருக்கு 1 கிராம் எப்சம் உப்பு போதும். குருத்து சுருண்டு ஓரம் கருகினால் கல்சியம்.

தண்டு கொகுபத்தைத் தொடும் இடத்தில் நூலாகச் சுருங்கிச் சாய்ந்தவை நாற்றழுகல் கண்டவை. அவை பிழைக்காது. கப்போடு அகற்றி, அந்தக் கொகுபத்தை மறுபடி நாற்றுக்கு எடுக்காதீர்கள். மிச்சத்துக்கு இடைவெளி விட்டுக் காற்றோட்டம் கொடுங்கள். சமைத்துச் சாப்பிடும் அறைக்குள் பங்கசுநாசினி அடிக்க வேண்டாம்.

சின்னக் கறுப்பு ஈ பறக்கிறதா என்றும் பாருங்கள். உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றை வெட்டிய பக்கம் கீழாகக் கொகுபத்தில் வைத்து, இரண்டு நாளில் தூக்கினால், கருந்தலை வெள்ளைப் புழு ஒட்டியிருக்கும். அதுதான் மயிர்வேரைத் தின்கிறது. துண்டை மாற்றி மாற்றி வைத்துப் புழுவை எடுங்கள், மஞ்சள் ஒட்டு அட்டை தொங்கவிடுங்கள், மேல் இரண்டு சென்ரிமீற்றர் காயட்டும்.

கன்று நெட்டையாகப் போயிருந்தால் வெளிச்சம் போதவில்லை. மழைக்கால மூடுபனியில் யன்னல் வெளிச்சத்தை நம்ப முடியாது. 18 வாட் எல்ஈடி டியூப் இரண்டு, இலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், நாளுக்கு 14 மணித்தியாலம்.

மஞ்சளான பழைய இலை நன்றாகப் பச்சை திரும்புவது அரிது, அதைப் பார்த்து மனம் விட வேண்டாம். புதிய குருத்தைப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் அது வந்தால், தக்காளியை வித்திலை வரை புதைத்து மாற்றி நடலாம். வராவிட்டால் அந்தக் கன்றுகளோடு இன்னொரு மாதம் போராடாமல், பதப்படுத்திய கொகுபத்தில் புதிதாக விதை போடுங்கள். 24 பாகைச் சூட்டில் தக்காளி ஒரு கிழமைக்குள் முளைத்துவிடும்.