தீவு வீட்டுக்குத் துணையாகப் போகலாமா?

கேள்வி: கிளாஸ்கோவில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். இங்கே வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில், வடக்கே நெஸ் பக்கம், கடலைப் பார்த்த வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தம்பதி ஜனவரி 4 முதல் பிப்ரவரி 28 வரை ஸ்பெயின் போகிறார்கள். ஒரு நாய், ஆறு கோழி, வீடு எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பளம் கிடையாது, வாடகையும் கிடையாது, அவர்கள் காரை ஓட்டிக்கொள்ளலாம். அமைதியாக உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கலாம் என்று ஆசை. அம்மாவோ, தனியாக அந்தக் காட்டில் எப்படி இருப்பாய் என்று அழுகிறார். மார்ச் 2 எனக்கு ஊருக்கு விமானம், 6ஆம் தேதி அக்கா கல்யாணம். போகலாமா?

பதில்: அம்மா பயப்படுவது திருடனுக்கும் பேய்க்கும் என்று நினைக்கிறேன். அந்த ஊரில் பலர் பகலில் கதவைப் பூட்டுவதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து குரல் கொடுத்தால் நீங்கள்தான் அலறாமல் இருக்கப் பழக வேண்டும். பனியும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இருக்காது. அட்லாண்டிக் நீரோட்டம் கதகதப்பாக வைத்திருப்பதால் அங்கே ஜனவரி பெரும்பாலும் பூஜ்ஜியத்துக்கு மேலேயே ஓடிவிடும். பயப்பட வேண்டியது காற்றுக்கு. நெஸ் பக்கம் சொல்லிக்கொள்ளும்படி மரமே இல்லை, கடலிலிருந்து கிளம்பும் காற்றை வழியில் தடுக்க ஒன்றும் கிடையாது, மழை மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வந்து அடிக்கும், ராத்திரி முழுக்க கூரை முனகும். காரை நிறுத்தும்போது முகப்பைக் காற்றுக்கு எதிராக வைத்து நிறுத்துங்கள், பின்பக்கம் காற்று இருந்தால் திறந்த கதவு கையோடு பிய்த்துக்கொண்டு போய்விடும். குப்பைத்தொட்டியையும் கோழிக்கூண்டையும் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள், அந்த முடிச்சை எப்படிப் போடுவது என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கார் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் இந்திய லைசென்ஸ் அந்த நாட்டில் குடியேறியதிலிருந்து ஓராண்டுக்குத்தான் செல்லும், உங்களுக்கு அது முடிந்துவிட்டது. அங்கத்திய லைசென்ஸ் எடுக்காமல் அந்தக் காரைத் தொடாதீர்கள், இன்சூரன்ஸ் ஒரு பைசா தராது. எடுத்திருந்தாலும் காரின் இன்சூரன்ஸில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் தீவின் பெரிய ஊரான ஸ்டோர்னோவேயின் கடைகள் 40 கிலோமீட்டர் தள்ளி, பஸ்தான். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடுங்கள். ஓய்வுநாளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் தீவு அது. அங்கிருந்து ஞாயிறு கப்பல் ஓடத் தொடங்கியதே 2009இல்தான், ஸ்டோர்னோவேயின் பெரிய சூப்பர் மார்க்கெட் ஞாயிறு திறந்தது 2024 நவம்பரில். அன்றைக்குத் துணி துவைத்துக் கொடியில் காயப்போடாமல் இருப்பது அக்கம்பக்கத்துக்குக் காட்டும் மரியாதை. உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம்.

படிப்பு விஷயத்தில் கொஞ்சம் சந்தேகம்தான். ஜனவரி தொடக்கத்தில் காலை 9 மணி தாண்டித்தான் விடியும், மாலை 4 மணிக்கு முன்பே இருட்டிவிடும். அந்தப் பகலுக்குள் நாயை நடத்த வேண்டும், கோழிக்கு உறையாத தண்ணீர் வைக்க வேண்டும், அடுப்புக்கு விறகோ, அவர்கள் சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்திருக்கும் பீட் கட்டியோ உள்ளே கொண்டுவர வேண்டும். இருட்டிய பிறகு படிக்கலாம், தூக்கம் விட்டால்.

நாயைப் பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் சினையாக இருக்கும் செம்மறிகள் வழியெல்லாம் மேயும். உங்கள் பொறுப்பில் இருக்கும் நாய் அவற்றைத் துரத்திவிட்டால் ஸ்காட்லாந்துச் சட்டப்படி 40,000 பவுண்டு வரை அபராதம், சிறை கூட உண்டு. எவ்வளவு சாதுவான நாய் என்று அவர்கள் சத்தியம் செய்தாலும் கயிற்றை விடாதீர்கள்.

இனி வீடு. அந்தப் பக்கத்து வீடுகளில் பல எண்ணெயில் சூடாகின்றன. வேறு ஒன்றுமில்லை, நம்மூர் மண்ணெண்ணெய்தான், தோட்டத்துத் தொட்டியில் இருக்கும். நானும் ஒரு ஜனவரியில் அந்த நாட்டின் வடமேற்குக் கரையில் ஒரு சிநேகிதியின் வீட்டுக்குக் காவல் இருந்தேன். தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்க்கத் தோன்றாமல் வெள்ளிக்கிழமை ராத்திரி காலியாகிவிட்டது. எண்ணெய் தீர்ந்தால் அடியில் தங்கிய கசடைக் குழாய் இழுத்துவிடும், காற்றும் ஏறிக்கொள்ளும், எண்ணெய் ஊற்றினால் மட்டும் பாய்லர் ஓடாது, மெக்கானிக் வர வேண்டும். திங்கள் மத்தியானம் வரை கோட்டோடு தூங்கினேன். ஆகவே தொட்டியின் அளவு, தண்ணீரின் மெயின் வால்வு, ஃபியூஸ் பெட்டி, கழிவுத் தொட்டிக்குள் எதைக் கொட்டக்கூடாது, கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா, எண்ணெய்க்கும் கரண்டுக்கும் பணம் யார் கட்டுவது, எல்லாவற்றையும் போனில் கேட்டு நம்பாமல் நேரில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் இலவசமாகக் கூப்பிட 105. ஆனால் வீட்டு போன் இன்டர்நெட் வழியாக ஓடுவதாக இருந்தால் கரண்டோடு அதுவும் செத்துவிடும், பவர் பேங்க் எப்போதும் நிறைந்திருக்கட்டும்.

இதற்காகத்தான் சொல்கிறேன், அவர்கள் கிளம்புவதற்கு இரண்டு ராத்திரி முன்பே போய் அந்த வீட்டில் அவர்களோடு தங்குங்கள். ஒருநாள் அடுப்பை நீங்களே மூட்டிப் பாருங்கள், நாய் உங்களோடு வருகிறதா என்று பாருங்கள், பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப்போய் அறிமுகம் செய்துவைக்கச் சொல்லுங்கள். அதற்கு இடமில்லை, சாவி பூந்தொட்டிக்கடியில் இருக்கும் என்றார்களானால் எனக்கு அந்த வீடு பிடிக்கவில்லை.

சரி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரிக்கு வருகிறேன், என்னைத் தூங்கவிடாதது அதுதான். தீவிலிருந்து அக்கரையில் இருக்கும் உல்லாபூல் துறைமுகத்துக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கப்பலில் கடல் கடக்க வேண்டும். புயல் வந்தால் அது நின்றுவிடும், ஒருநாளோடு முடியும் என்று யாரும் சொல்ல முடியாது, கடையில் ரொட்டி அலமாரி காலியாகும்போது உங்களுக்கே புரியும். விமானமும் அதே காற்றில்தான் பறக்க வேண்டும். ஸ்பெயினிலிருந்து வருபவர்கள் 28ஆம் தேதி அக்கரையில் மாட்டிக்கொண்டால் நாயையும் கோழிகளையும் விட்டுவிட்டு நீங்கள் கிளம்ப முடியுமா? முடியாது, முடிந்தாலும் கிளம்பக் கூடாது. அக்கா கல்யாணத்தைப் பற்றி இன்றைக்கே அவர்களிடம் சொல்லுங்கள். பிப்ரவரி 22க்குள் அவர்கள் திரும்ப வேண்டும், அல்லது 22ஆம் தேதியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் பொறுப்பேற்க ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டில் ஒன்று நடந்தால் தாராளமாகப் போங்கள். இல்லையென்றால் இந்த வருடம் வேண்டாம்.