வருஷம் பூரா காஞ்சு கெடக்குற ஓடை கரையில வீட்டு மனை வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் ஆரல்வாய்மொழி பக்கம் ஓடை கரையில 6 சென்ட் பாத்திருக்காராம், ஓடையில வெறும் மணல் தான் கெடக்கு, புரோக்கர் "இதுல எங்க சார் வெள்ளம் வரப்போவுது"ன்னு சிரிக்காராம், நம்பலாமான்னு கேக்காரு.

மொதல்ல ஒண்ணு சொல்லுங்க, எந்த மாசம் போய் பாத்தீங்க? சித்திரை வைகாசின்னா அது பாத்த கணக்குலயே சேராது. மனை காட்டுறவங்க எல்லாம் கரெக்டா அந்த ரெண்டு மாசம் தான் கூட்டிட்டு போவாங்க, ஐப்பசி கார்த்திகைல கூப்பிட்டு பாருங்க, ஆள் போனே எடுக்க மாட்டாரு.

நான் தோவாளைக்காரன். கன்னியாகுமரி மாவட்டம்னாலே வெளியூர் ஆளுங்களுக்கு ரப்பர் தோட்டமும் பேச்சிப்பாறையும் தான் ஞாபகம் வரும். மேற்கே விளவங்கோடு பக்கம் குடிக்கிற தண்ணியவே வெள்ளம்னு தான் சொல்லுவாங்க, அது மலையாளத்து பழக்கம். ஆனா கிழக்கே ஆரல்வாய்மொழி கணவாய் பக்கம் வந்தா கத வேற. ஆனி ஆடில மேற்கே மழை கொட்டும்போது இங்க மண்ண வாரி கண்ணுல போடுற காத்து மட்டும் தான், முப்பந்தல்ல கரண்டு எடுக்குற காத்தாடி அத்தன நிக்கிறது சும்மா இல்ல. உடைமரம், பனை, சரளை மண்ணு, நடுவுல காஞ்ச ஓடை, இதான் நம்ம சைடு. மழைன்னா பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகைல தான், அதுவும் சில நாள்ல மொத்தமா கொட்டிட்டு போயிரும்.

இந்த மாதிரி ஓடையில தண்ணி எப்படி வருதுன்னு பாக்காதவங்களுக்கு சொன்னா நம்ப மாட்டாங்க. 2021 நவம்பர்ல பழையாறு பொங்கி ஒழுகினசேரி, சுசீந்திரம் எல்லாம் தண்ணில நின்னத டிவில காட்டுனாங்கல்ல, அந்த வாரம் நான் பைக்ல சித்தப்பா வீட்டுக்கு போனேன், வழியில ஒரு சப்பாத்து உண்டு, அதான் ஓடைய தாண்டுற தரைப்பாலம், காலைல தாண்டும்போது கணுக்கால் அளவு கூட இல்ல. மத்தியானம் திரும்பி வாறேன், எங்க தலைக்கு மேல வெயில் அடிக்கு, மலை மட்டும் கருகருன்னு கெடக்கு. சப்பாத்துக்கு ஒரு அம்பது அடி முன்னாடியே ஒரு சத்தம், லாரி லோடு ஜல்லி கொட்டுற மாதிரி, பைக்க நிறுத்திட்டேன். மொதல்ல வந்தது தண்ணியே இல்ல, நுரையும் பன ஓலையும் ஒத்த செருப்பும் முள்ளு கட்டும் உருண்டுகிட்டு வருது, அதுக்கு பின்னால தான் செவப்பா தண்ணி, பாத்துட்டு இருக்கும்போதே சப்பாத்து ஓரத்துல நட்டிருந்த குத்துக்கல்லு மறைஞ்சு போச்சு. சாயங்காலம் அதே எடத்துல ஈர மணல், பிள்ளைங்க செருப்பு பொறுக்கிட்டு நிக்குதுவ.

ஆறுன்னா நீளம் ஜாஸ்தி, மேல மழை பெஞ்சா கீழ வந்து சேர மணிக்கணக்கா ஆகும், நடுவுல அணையும் இருந்தா அது கொஞ்சம் புடிச்சு வெக்கும், தொறக்குறதுக்கு முன்னாடி எச்சரிக்கை குடுப்பாங்க. ஓடைக்கு நீர்ப்பிடிப்பு நாலஞ்சு சதுர கிலோமீட்டர் கூட இருக்காது, மொட்டப்பாறையில விழுற மழை அர மணி நேரம் ஒரு மணி நேரத்துல கீழ நிக்கும். வேகமும் ஜாஸ்தி, தண்ணி வேகம் ரெண்டு மடங்கு ஆனா தள்ளுற பலம் நாலு மடங்கு ஆகும், அதனால தான் ரெண்டு அடி ஓடுற தண்ணி காரையே நகத்திரும்னு சொல்றாங்க.

சரி, இதுக்கு முன்னாடி எவ்ளோ வந்திருக்குன்னு கணக்கு இருக்கான்னு கேப்பீங்க. தினம் பேப்பர எடுத்தா அணை நீர்மட்டம் வரும், பேச்சிப்பாறை 48 அடிக்கு இவ்ளோ, பெருஞ்சாணி 77 அடிக்கு இவ்ளோ, நம்ம பொய்கை அணைக்கு கூட 42.65 அடின்னு புள்ளி வெச்சு போடுவாங்க. ஓடைக்கு ஒரு வரி கெடையாது. அளவுகோலே இல்லாத எடத்துல கணக்கு எங்க இருந்து வரும், ஓடைக்கு இருக்குற ஒரே பதிவேடு அங்க உள்ள மரமும் கிழவிகளும் தான்.

எங்க சித்தப்பாவும் இப்படி ஒரு ஓடை கரையில மனை பாக்கப்போனப்போ நானும் கூட போனேன். கரையில நின்ன உடைமரத்துல என் நெஞ்சு உயரத்துக்கு பிளாஸ்டிக் பையும் வைக்கோலும் சிக்கி காஞ்சு போய் தொங்குச்சு, மேஞ்சல் ஆடு ஒண்ணும் அங்க கொண்டு மாட்டியிருக்காதுல்ல. புரோக்கர் அத காத்துல வந்ததுன்னாரு. அந்தப்பக்கம் ஆடு மேச்சிட்டு நின்ன ஆச்சிகிட்ட கேட்டா, "எந்த வருசம்னு தெரியாது மக்கா, என் மூத்தவன் கைப்புள்ள, தண்ணி அந்தா வேப்பமூட்டுல வந்து நின்னுச்சு"ன்னு கை நீட்டுனாவ. வேம்பு இருந்தது மனைக்கு அந்தாண்ட, ரோட்டு பக்கம். சித்தப்பா அட்வான்ஸ் கவர பைக்குள்ள திரும்ப வெச்சுட்டாரு.

"ஒரே ஒரு தடவ தானே"ன்னு நெனைக்காதீங்க. வறண்ட எடத்து ஓடையில சாதாரண வருஷ தண்ணிக்கும் மோசமான வருஷ தண்ணிக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் தான் ரொம்ப பெருசு. 2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கா, மழைய கொண்டு வந்த காத்து சுழற்சி இருந்தது நம்ம குமரிக்கடல் பக்கம், கொட்டுனது தூத்துக்குடி மாவட்டத்துல, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 செ.மீ., அந்த மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்க பெய்யிற சராசரியே 70 செ.மீ.க்கு கீழ தான். குளம் குளமா ஒடைஞ்சுது. அது ஒரு 70 கிலோமீட்டர் தள்ளி நம்ம மலை மேல விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் இன்னும் யோசிப்பேன்.

நூறு வருஷ வெள்ளம்னு சொல்றது கூட நூறு வருஷத்துக்கு ஒருக்கா டைம் வெச்சு வர்றதில்ல, ஒவ்வொரு வருஷமும் 1 சதவீத வாய்ப்பு, அவ்ளோதான். 30 வருஷ ஹவுசிங் லோன் போட்டீங்கன்னா லோன் முடியறதுக்குள்ள அது வர வாய்ப்பு 26 சதவீதம், நாலுல ஒண்ணு.

நீங்க செய்ய வேண்டியது, கிராம நிர்வாக அலுவலர் ஆபீஸ்ல ஏ ரெஜிஸ்டரும் (ஊர் நிலக்கணக்கு புத்தகம்) எஃப்எம்பியும் (நிலத்த அளந்து போட்ட வரைபடம்) பாருங்க, ஓடை புறம்போக்கு எவ்ளோ அகலம்னு அதுல இருக்கும், எடத்துல போய் டேப்ப போட்டு அளந்தா பாதி தான் மிச்சம் இருக்கும், மீதி எவன் வேலிக்குள்ள போச்சுன்னு புரியும். பட்டா கிளீனா இருக்குறதும் தண்ணி வராம இருக்குறதும் வேற வேற விஷயம், தண்ணி சர்வே கல்லு பாத்து திரும்பாது. மேல எந்த குளம் இருக்கு, அதோட மறுகால், அதான் குளம் நெறைஞ்சா மிச்ச தண்ணி வெளியேறுற வழி, எந்தப்பக்கம் பாயும்னும் கேளுங்க, மேல் குளம் ஒடைஞ்சா கீழ் குளமும் தாங்காது. பக்கத்துல லேஅவுட் ரோட்ட ஒசத்தி சின்னதா ஒரு குழாய் பதிச்சிருந்தா அத நம்பாதீங்க, ரெண்டு முள்ளு கட்டு வந்து அடைச்சா அந்த ரோடே அணையாயிரும். பேஸ்மென்ட் ஒசத்துனா போதும்னு கொத்தனாரு சொல்லுவாரு, ஆனா மணல் ஓடை கரையவே அரிச்சு எடுக்கும், ஒசரத்த விட தள்ளி இருக்குறது தான் முக்கியம்.

ஓடை எந்த குளத்துல போய் விழுதுன்னு கமென்ட்ல போடுங்க. செண்பகராமன்புதூர் வரைக்கும் உள்ளதுன்னா எனக்கு ஆள் உண்டு, அங்க தண்ணி வந்து நின்ன வேப்பமூடு எங்கன்னு கேட்டு சொல்றேன்.