குமரி மாவட்டம் தோவாளையில் இருக்கிறேன், ஏழாம் மாதக் கர்ப்பம். கண் உலர்ந்து மண் விழுந்தது போல் உறுத்துகிறது, காற்றுப் பட்டால் நீர் வடிகிறது. சொட்டு மருந்து போடலாமா?

போடலாம், ஆனால் எந்த மருந்து என்பதுதான் முக்கியம். ஏழாம் மாதத்தில் மண் விழுந்தது போல் உறுத்துவதும், காற்றுப் பட்டதும் நீர் வடிவதும் உலர்கண்ணின் அடையாளங்கள். ஹார்மோன் மாற்றத்தால் கண்ணை ஈரமாக வைக்கும் கண்ணீர்ப் படலம் சீக்கிரம் கலைந்துவிடுகிறது. நீங்கள் தோவாளைக்காரர், ஆரல்வாய்மொழிக் கணவாயின் ஆடிக் காற்று அதை இன்னும் வேகமாக உலர்த்தும். இருசக்கர வண்டியில் போகும்போது கண்ணாடி மூடிய ஹெல்மெட் கட்டாயம். மின்விசிறிக் காற்று முகத்தில் நேரே அடிக்காதபடி படுங்கள்.

செயற்கைக் கண்ணீரான கார்பாக்ஸிமீதைல் செல்லுலோஸ் 0.5% சொட்டு, கெடாமல் இருக்கச் சேர்க்கும் பதப்படுத்தும் பொருள் (preservative) கலக்காத, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் குப்பியாக, மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாங்குங்கள். அந்தப் பொருள் கலந்த சொட்டை ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் போட்டால் அதுவே கண்ணை அரிக்கும். கீழிமையை இழுத்து ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை ஒரு நிமிடம் அழுத்துங்கள். சிவப்பை உடனே போக்கும் சொட்டும் ஸ்டீராய்டு சொட்டும் கடையில் கேட்டு வாங்கவே வேண்டாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இளநீர் எதையும் கண்ணில் விடாதீர்கள்; கிருமி ஏறும்.

கான்டாக்ட் லென்ஸ் உறுத்தினால் கழற்றிவிட்டுக் கண்ணாடி போடுங்கள். பவர் மாறியதாகத் தோன்றினாலும் புதுக் கண்ணாடியைப் பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பார்வை மங்கல், கண்ணில் மின்னல், கடும் தலைவலி, முகவீக்கம் வந்தால் உலர்கண் என்று இருந்துவிடாதீர்கள். ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். அன்றைக்கே, ராத்திரியானாலும், நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.