நிக்கான் டி40 போன்ற பழைய கேமராவுக்கு முதல் லென்ஸாக எதை வாங்கலாம்?

மாமா கொடுத்த நிக்கான் டி40 கேமராவும் அதனுடன் வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸும் இருக்கின்றன, 50 மி.மீ. எஃப் 1.8 டி வகை லென்ஸ் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்க வேண்டாம். அதே கேமராவில் அதே லென்ஸைப் பொருத்தி, திரும்பக் கிடைக்காத ஒரு படத்தை நான் இழந்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நீங்கள் இப்போதுதான் பழகுகிறீர்கள் என்றும், பெரும்பாலும் வீட்டு விசேஷங்களையும் குழந்தைகளையும்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றும் வைத்துக்கொள்கிறேன்.

டி40 கேமரா 2006 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. சிறியதாகவும் எடை குறைவாகவும் அமைந்த அதன் உடலுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. டி50, டி70, டி80, டி90 ஆகியவற்றில் லென்ஸ் பொருந்தும் வளையத்தில் திருப்புளி முனை போன்ற ஒரு சிறு தண்டு இருக்கும். கேமராவுக்குள் இருக்கும் மோட்டார் அந்தத் தண்டைச் சுழற்றி லென்ஸின் பற்சக்கரங்களை நகர்த்தும். டி40, டி40எக்ஸ், டி60, டி3000, டி5000 ஆகியவற்றில் அந்தத் தண்டு இல்லாததால், மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருந்தால்தான் ஃபோகஸ் தானாக அமையும். லென்ஸின் மேல் ஏஎஃப்-எஸ் (AF-S) என்று எழுதியிருந்தால் மோட்டார் உள்ளே இருக்கிறது என்று பொருள். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் 50 மி.மீ. லென்ஸில் வெறுமனே ஏஎஃப் (AF) என்று மட்டுமே இருக்கும். பழைய கேமராவுக்கு லென்ஸ் தேடும்போது விலைக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இந்த எழுத்துகளைத்தான்.

2013 ஆம் ஆண்டு, சாத்தூர் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் மதுரையில் பழைய கேமராக்கள் விற்கும் ஒரு கடையில் அந்த லென்ஸை 5,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கேமராப் பை என் தோளில்தான் தொங்கியது. ஆனால் கடைக்காரர் விவரம் முழுவதையும் துணைக்கு வந்த என் தம்பியிடமே சொன்னார். எந்தக் கேமராவில் பொருத்தப் போகிறீர்கள் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த விற்பனையே நடந்திருக்காது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வருத்தம் எனக்கு ஆறவில்லை. வீட்டுக்கு வந்து பொருத்தியதும் எஃப்ஈஈ (FEE) என்ற பிழைக்குறி வந்தது. லென்ஸில் உள்ள அப்பர்ச்சர் வளையத்தை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையின் அளவை மாற்றும் வளையத்தை, 22 என்ற எண்ணில் வைத்துப் பூட்ட வேண்டும் என்று கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பிழைக்குறி மறைந்தது, ஆனால் படம் எடுக்கும் பொத்தானை எத்தனை முறை பாதி அழுத்தினாலும் லென்ஸ் அசையவில்லை. மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனபோது, லென்ஸில் ஒரு பழுதும் இல்லை என்று சொல்லி அவர் வாங்க மறுத்துவிட்டார்.

கையால் திருப்பிப் பழகிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். ஃபோகஸ் சரியாக விழுந்தால், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் இடது கீழ் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். வாசல் கோலத்தையும் மல்லிகைச் செடியையும் வைத்துப் பழகியபோது எல்லாப் படங்களும் நன்றாகவே வந்தன. காதுகுத்து அன்று கதை வேறாக இருந்தது. டி40யின் சென்சார் சிறியது என்பதால் அதில் 50 மி.மீ. லென்ஸ், ஃபிலிம் கேமராவில் 75 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்கு நெருக்கமாகக் காட்டும். கோயில் முன்மண்டபத்துத் தூணில் முதுகு முட்டும்வரை பின்னால் போயும், தாய்மாமனான என் தம்பியும் அவன் மடியில் குழந்தையும் எதிரில் ஆசாரியும் ஒரே படத்துக்குள் அடங்கவில்லை. வெளிச்சம் போதாமல், துளை முழுவதும் திறக்கும் எஃப் 1.8 வைத்திருந்தேன். அந்த அப்பர்ச்சரில் இரண்டு மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் பகுதி அரைச் சாண் அளவுதான்; குழந்தை தலையை ஒருமுறை திருப்பினால் அந்த எல்லையைத் தாண்டிவிடும். நான் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிப் பச்சைப் புள்ளிக்காகக் காத்திருந்த நேரத்தில் ஆசாரி முதல் காதைக் குத்தி முடித்துவிட்டார். எடுத்த படத்தில் தாம்பாளத்தின் விளிம்பு மட்டும் கூர்மையாக இருந்தது. தங்கை மகளின் முகமும் தம்பியின் முகமும் கலங்கியிருந்தன.

இரண்டாவது காதுக்கு முன் அவசரமாக லென்ஸை மாற்றி, கேமராவுடன் வந்த அதே 18-55 லென்ஸை 24 மி.மீ. அளவில் வைத்து, ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்தை உணரும் திறனின் அளவு) 800, கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷ் என்று எடுத்தேன். தங்கை வீட்டுக் கூடத்தில் இன்று மாட்டியிருப்பது அந்தப் படம்தான். ஆகவே உங்கள் முதல் லென்ஸ் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. இரண்டு மூன்று மாதங்கள் அதையே பயன்படுத்துங்கள். எந்த மி.மீ. அளவில் அதிகம் எடுக்கிறீர்கள் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

அதன் பிறகு வாங்குவதென்றால், 2009 இல் வந்த ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8 ஜி லென்ஸைத்தான் சொல்வேன். உங்கள் கேமராவில் அது ஏறக்குறைய 52 மி.மீ. போலக் காட்டும் என்பதால் சிறிய அறையிலும் ஆட்கள் அடங்குவார்கள். ஃபோகஸும் தானாக அமையும். 18-55 லென்ஸ் 55 மி.மீ. முனையில் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. அதனுடன் ஒப்பிட்டால் எஃப் 1.8 ஏறத்தாழப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஐஎஸ்ஓ 1600ஐத் தாண்டினாலே படத்தில் புள்ளிகள் மண்டும் டி40க்கு இது பெரிய உதவி. 50 மி.மீ. தான் வேண்டும் என்றால் 2011 இல் வந்த ஏஎஃப்-எஸ் ஜி வகையைத் தேடுங்கள். 55-200 போன்ற தொலைவு லென்ஸுக்கு இப்போது அவசரமில்லை.

டி வகை லென்ஸ் மோசமானது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டி90 வைத்திருப்பவருக்கு அது மிக நல்ல லென்ஸ். கையால் ஃபோகஸ் வைத்தால்தான் கலை கைவரும் என்று சொல்லும் மூத்தவர்களையும் மதிக்கிறேன். பூவையும் சிற்பத்தையும் எடுக்க நானே அந்த 50 மி.மீ. லென்ஸை இன்றும் வைத்திருக்கிறேன். ஆனால் ஓடும் குழந்தையின் முன்னால் புதிதாகப் பழகுபவரை அந்தச் சோதனைக்கு உட்படுத்துவது நியாயமில்லை.

மலிவாகக் கிடைக்கும் இன்னொன்றிலும் கவனம் வேண்டும். 2016 முதல் வந்த ஏஎஃப்-பி (AF-P) வகை 18-55 லென்ஸ்களும் பழைய சந்தையில் வருகின்றன. அவை உங்கள் கேமராவில் பொருந்தும். ஆனால் அவற்றின் ஃபோகஸ் வளையமே மின்சாரத்தால் இயங்குவதால், டி40யில் கையால் திருப்பினாலும் ஃபோகஸ் நகராது.

கடைக்குப் போகும்போது உங்கள் கேமராவை, பேட்டரியை முழுவதும் ஏற்றிக்கொண்டு, கையோடு எடுத்துச் செல்லுங்கள். லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் வழியாகப் பாருங்கள்; சிலந்தி வலை போல வெள்ளை இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, தொட வேண்டாம். பிறகு உங்கள் கேமராவிலேயே பொருத்தி, அருகில் நிற்பவரின் முகத்தையும் அடுத்து வாசலுக்கு வெளியே இருக்கும் ஒரு பலகையையும் நோக்கிப் பொத்தானைப் பாதி அழுத்துங்கள். இரண்டு இடத்திலும் லென்ஸ் தானாக நகர்ந்து நின்றால் பணத்தைக் கொடுங்கள்.