சின்ன வெங்காயத்துக்கு காமா கதிர் கொடுக்கலாமா?

உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்கிறார்: “2 ஏக்கரில் சின்ன வெங்காயம் போட்டிருக்கிறேன். போன போகத்தில் விலை ஏறட்டும் என்று பட்டறையில் (சேமிப்புக் கொட்டகையில்) வைத்திருந்தேன், அதற்குள் முளை விட்டுவிட்டது. காமா கதிர் கொடுத்தால் முளைக்காது என்கிறார்கள். கொடுக்கலாமா? சாப்பிடுகிறவர்களுக்குக் கெடுதல் வராதா?”

கொடுக்கலாம். ஆனால் விதைக்கு எடுத்து வைக்கும் காயை அந்தப் பக்கமே அனுப்பாதீர்கள். நாசிக்கில் பெரிய வெங்காயத்தை விதை தூவி நாற்று விட்டு நடுகிறார்கள். விளைந்ததை எல்லாம் கதிருக்கு அனுப்பினாலும் அவர்களுக்கு நட்டமில்லை. சின்ன வெங்காயத்தில் நாம் பெரும்பாலும் காயையே நடுகிறோம். ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 600 கிலோ விதைக்காய் வேண்டும். கதிர் பட்ட காயை நட்டால் பயிர் எழும்பாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், வண்டி ஏற்றுவதற்கு முன்பே விதைக்காயைப் பிரித்து வேறு பட்டறையில் போட்டுவிடுங்கள். கதிர் பட்ட காயை விற்கும்போது வாங்குகிறவரிடமும் சொல்லியாக வேண்டும். தெரியாமல் நட்டுவிட்டால் அவருக்கு ஒரு போகமே போய்விடும்.

ஒரு காயை நெடுக்காக இரண்டாக வெட்டிப் பாருங்கள். வேர்த்தட்டுக்கு மேலே, நடுவில் சிறு குருத்து தெரியும். கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகம் விடும் காமா கதிர் அந்தக் குருத்தில் பிரிந்து பெருகும் செல்களின் மரபுப்பொருளை உடைத்துவிடும், வளர்ச்சி நின்றுபோகும். சுற்றியுள்ள சதைப்பற்றான இதழ்களில் செல் பெருக்கம் இல்லாததால் காரமும் நிறமும் அப்படியே இருக்கும். இதற்கு 60 கிரே (உணவில் சேரும் கதிரை அளக்கும் அலகு) அளவு கதிர் போதும். கிழங்கு, வெங்காய வகைகளுக்கு நம் நாட்டு விதி அனுமதிப்பது 20 முதல் 200 கிரே வரை. கூடக் கொடுத்தால் கூடப் பலன் என்று கேட்டு வாங்காதீர்கள். காய் தளர்ந்து அழுகலுக்கு இடம் கொடுத்துவிடும்.

நேரம் தவறினால் எல்லாம் வீண். அறுவடைக்குப் பின் காய் உறக்கத்தில் இருக்கும்போதே, 2 அல்லது 3 வாரத்துக்குள் கதிர் பட வேண்டும். வெட்டிப் பார்த்த காயில் குருத்து பச்சையாகி மேலே நீளத் தொடங்கியிருந்தால் அந்தக் குவியலை அனுப்பாதீர்கள். வளர்ந்த குருத்து செத்து உள்ளே பழுப்பாக நிற்கும். வீட்டில் நறுக்கும்போது கண்ணில் பட்டால் கெட்ட காய் என்று தூக்கிப் போடுவார்கள். அதேபோல் ஈரத்தோடும் அனுப்பக் கூடாது. அறுவடைக்குச் சுமார் 10 நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். பிடுங்கிய காயின் மேல் வெங்காயத்தாள் மூடும்படி வயலில் வரிசையாகப் போட்டு 3, 4 நாள் உலர்த்துங்கள். பிறகு நிழலில், கழுத்து ஒட்டி இறுகும் வரை வைத்திருங்கள். விரலால் அழுத்தினால் கழுத்து வழுக்கக் கூடாது. மேல்தோல் சரசரக்க வேண்டும்.

கெடுதல் வராதா என்பது நியாயமான கேள்வி. வெயிலில் காயவைத்த வத்தல் ராத்திரியில் வெயில் அடிப்பதில்லையே, அப்படித்தான் இதுவும். கோபால்ட் உறைக்குள் மூடியே இருக்கும். காய் அதைத் தொடுவதே இல்லை, கதிர் மட்டும் ஊடுருவிப் போகும். அந்தக் கதிரின் ஆற்றலுக்கு உணவைக் கதிரியக்கப் பொருளாக மாற்றும் வலு கிடையாது. காய் இருக்கும் பெட்டி வெளியே வந்த நிமிடமே கையால் எடுக்கலாம். இந்தியாவில் 1994 முதல் வெங்காயத்துக்கு அனுமதி இருக்கிறது. நாசிக் மாவட்டம் லாசல்காவில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிர் கொடுக்கும் கூடம் 2002-ல் வந்தது.

செலவு செய்யும் முன் இதைச் செய்து பாருங்கள். இப்போது பட்டறையில் இருக்கும் காயில் மேல், நடு, அடி என மூன்று இடத்திலிருந்து மொத்தம் 20 கிலோ எடுங்கள். முளைத்தது, அழுகியது, வற்றியது என்று பிரித்துத் தனித்தனியே எடை போடுங்கள். கதிர் தடுப்பது முளையை மட்டும்தான். கருப்புப் பூஞ்சையைக் கொல்ல ஆயிரக்கணக்கான கிரே வேண்டும். அதை வெங்காயம் தாங்காது. ஈரம் போய் எடை குறைவதையும் கதிர் நிறுத்தாது. உங்கள் நட்டத்தில் அழுகல்தான் பெரும்பங்கு என்றால் அந்தப் பணத்தைப் பட்டறைக்குப் போடுங்கள்: அடித்தளத்தைத் தரையிலிருந்து நன்றாக உயர்த்தி, காற்று கீழிருந்து ஏறும்படி மூங்கில் தட்டி விரித்து, குவியலின் உயரத்தைக் குறையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் காற்றே ஈரமாக இருக்கும். கதிர் பட்ட காயானாலும் அப்போது அழுகத்தான் செய்யும்.

முளைதான் பிரச்சினை என்றால், கூடத்தாரிடம் உரிமம் இருக்கிறதா, குறைந்தது எத்தனை டன் எடுப்பார்கள் என்று விசாரியுங்கள். பெட்டியின் ஓரத்துக்கும் நடுவுக்கும் கதிர் ஒரே அளவில் விழாது. நடுவில் குறைந்தால் அங்குள்ள காய் முளைத்துவிடும். அதனால் உங்கள் சரக்கில் பதிவான மிகக் குறைந்த அளவும் மிக அதிக அளவும் குறித்த தாளைக் கேட்டு வாங்குங்கள். போகவர ஏற்றி இறக்கும்போது காய் அடிபடாமல் இருக்க வலைச்சாக்கு நல்லது. கதிர் பட்ட சரக்கின் சிப்பத்தில் பச்சை நிற ரதுரா முத்திரை (கதிர் பட்ட உணவு என்று காட்டும் குறி) இருக்க வேண்டும் என்பது சட்டம். கடைக்குப் போகும்போது அதைக் கிழிக்காதீர்கள்.