பிளஸ் டூ வேதியியல்: வாசித்தது ஏன் விடைத்தாளில் வரவில்லை?

கேள்வி: டீச்சர், நான் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ படிக்கிறேன். அரையாண்டுத் தேர்வில் வேதியியலில் 70-க்கு 31 மதிப்பெண். எல்லாப் பாடத்தையும் மூன்று முறை வாசித்துவிட்டேன். வாசிக்கும்போது புரிகிறது, வினாத்தாளைப் பார்த்தால் எதுவும் வரவில்லை. கரிம வேதியியலில் வினைகள் எல்லாம் ஒன்றோடொன்று குழம்புகின்றன. பொதுத்தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கிறது. எப்படித் திருப்பிப் படிப்பது?

பதில்: தம்பி, மூன்று முறை வாசித்தது வீண் போகாது. ஆனால் நான்காவது முறை வாசிக்காதே. பக்கத்தைப் பார்த்ததும் "இது தெரியும்" என்று தோன்றுவது ஒன்று, வெறும் தாளில் அதை எழுதிக் காட்டுவது வேறொன்று. தேர்வு கேட்பது இரண்டாவதை. நீ இதுவரை பழகியது முதலாவதை மட்டும்தான்.

இதற்கு ஆய்வும் உண்டு. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சில மாணவர்கள் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் வாசித்தபின் அதை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. ராத்திரி தெரிந்தது தேர்வறையில் மறந்துபோவதன் காரணம் இதில் இருக்கிறது. ஆகவே இனிமேல் புத்தகம் உனக்கு விடை சரிபார்க்கத்தான், படிப்பது வெறும் தாளில்.

பீனாலை வைத்துச் செய்து காட்டுகிறேன். புத்தகத்தை மூடு. ஒரு தாளின் நடுவே பீனால் என்று எழுதி வட்டமிடு. அதிலிருந்து எத்தனை அம்புக்குறி உன்னால் போட முடிகிறதோ, போடு. துத்தநாகத் தூளுடன் சூடுபடுத்தினால் பென்சீன். புரோமின் நீர் சேர்த்தால் வெண்ணிற வீழ்படிவாக 2,4,6-டிரைபுரோமோபீனால். குளோரோஃபார்மும் சோடியம் ஹைட்ராக்சைடும் என்றால் சாலிசிலால்டிஹைடு, அதுதான் ரீமர்-டீமன் வினை. சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தபின் அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு செலுத்தி, கடைசியில் அமிலம் சேர்த்தால் சாலிசிலிக் அமிலம், இது கோல்பே வினை. ஒவ்வொரு அம்புக்குறியின் மேலேயும் காரணி, வெப்பநிலை, வினையூக்கி எதுவாக இருந்தாலும் எழுத வேண்டும். விளைபொருளை மட்டும் எழுதி நிபந்தனையை விட்டால் மதிப்பெண் குறையும், அடுத்த முறை குழப்பமும் அங்கேதான் தொடங்கும்.

முதல் தடவை நாலு அம்புக்குறிகூட வராது. பரவாயில்லை, ஆனால் உடனே புத்தகத்தைத் திறந்துவிடாதே. இரண்டு நிமிடமாவது மண்டையைக் குடைந்து பார். எனக்குத் தெரிந்தவரை படிப்பு நடப்பதே அந்த இரண்டு நிமிடத்தில்தான். அப்புறம் புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தப்பாக எழுதியதையும் சிவப்புப் பேனாவில் சேர். மறுநாள் வேறொரு வெறும் தாளில் அதே பீனால், அதற்குப் பிறகு மூன்று நாள் கழித்து, பிறகு பத்து நாள் கழித்து. ஒவ்வொரு முறையும் சிவப்பு குறைந்துகொண்டே வரும். அந்தத் தாள்களைத் தூக்கிப் போடாமல் ஒரு கோப்பில் வை. கடைசி வாரத்தில் பார்க்க வேண்டியது அந்தச் சிவப்பை மட்டும்தான்.

சரி, குழப்பத்துக்கு வருவோம். ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வினைகளைத் தனித்தனி நாளில் படித்தால் குழப்பம் தீராது. பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எங்கே பிரிகின்றன என்று பார். ஆல்டால் குறுக்கம், கன்னிசாரோ வினை இரண்டிலும் ஆல்டிஹைடும் சோடியம் ஹைட்ராக்சைடும்தான். அசிட்டால்டிஹைடில் ஆல்ஃபா ஹைட்ரஜன் (ஆல்டிஹைடு தொகுதிக்கு அடுத்த கார்பனில் உள்ள ஹைட்ரஜன்) இருக்கிறது, அதனால் நீர்த்த காரத்தில் ஆல்டால். பென்சால்டிஹைடிலும் ஃபார்மால்டிஹைடிலும் ஆல்ஃபா ஹைட்ரஜன் கிடையாது, அவை அடர் காரத்தில் கன்னிசாரோவுக்குப் போகின்றன: ஒரு மூலக்கூறு ஆல்கஹாலாக ஒடுங்க, இன்னொன்று அமிலத்தின் உப்பாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது. "ஆல்ஃபா ஹைட்ரஜன் இருக்கிறதா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டால் இரண்டும் பிரிந்துவிடும். நைட்ரோபென்சீன் ஒடுக்கத்துக்குக் கேட்க வேண்டிய கேள்வி "ஊடகம் என்ன?" வெள்ளீயமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் என்றால் அனிலின் வரை போகும். துத்தநாகமும் அம்மோனியம் குளோரைடும் என்றால் நடுநிலை ஊடகம், பீனைல் ஹைட்ராக்சிலமீனில் நின்றுவிடும். இப்படி ஒவ்வொரு குழப்பத்துக்கும் ஒரு கேள்வியை நீயே கண்டுபிடித்து எழுதிவை. கைடில் இருப்பதைவிட நீ உருவாக்கிய கேள்விதான் தேர்வறையில் ஞாபகம் வரும்.

கனிம வேதியியலைப் பலர் நெட்டுரு போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிக்கலை எடுத்துக்கொள். சயனைடு அணைவிலும் குளோரைடு அணைவிலும் இருப்பது அதே இரண்டு நேர்மின்சுமை கொண்ட நிக்கல் அயனி, அதே எட்டு டி-எலக்ட்ரான்கள். சயனைடு வலிமையான ஈனி (உலோக அயனியோடு பிணையும் தொகுதி), எலக்ட்ரான்களை இணையாக்கிவிடுகிறது. அதனால் தள சதுரம், டயாகாந்தத் தன்மை (காந்தம் ஈர்க்காது). குளோரைடு வலிமை குறைந்தது, இரண்டு எலக்ட்ரான்கள் தனித்தே நிற்கின்றன. அதனால் நான்முகி, பாராகாந்தத் தன்மை (காந்தம் ஈர்க்கும்), காந்தத் திருப்புத்திறன் ஏறக்குறைய 2.83 போர் மேக்னட்டான். இந்தக் காரணச் சங்கிலியைப் பக்கத்தில் யாரையாவது உட்காரவைத்து வாய்விட்டுச் சொல். "ஏன்?" என்று அவர்கள் கேட்கும் இடத்தில் தடுமாறினால், படிக்க வேண்டிய இடம் அதுதான்.

கணக்குகளில் சூத்திரத்தோடு நின்றுவிடாதே. முதல் வகை வினை 99.9% முடிய ஆகும் நேரம் அரைவாழ்காலத்தைப் போல் எத்தனை மடங்கு என்ற கேள்வியைப் பார்த்திருப்பாய். மடக்கை போட்டால் 6.909-ஐ 0.693-ஆல் வகுத்து, ஏறக்குறைய 10 என்று வரும். மடக்கை இல்லாமலும் யோசி: பத்து முறை பாதியாக்கினால் மிஞ்சுவது 1024-இல் ஒரு பங்கு, அதாவது கிட்டத்தட்ட 0.1%. இப்படி இரண்டாவது வழியில் சரிபார்க்கப் பழகினால் கணக்குப் பிழை, தசமப் பிழை எல்லாம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அதே போல, லிட்டருக்கு 0.00000001 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். மதிப்பு 8 என்று எழுதுகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். அமிலம் எப்படி 7-ஐத் தாண்டும்? நீர் தரும் ஹைட்ரஜன் அயனியையும் சேர்த்தால் விடை 6.98. மின் வேதியியல் கணக்கில் நிமிடத்தை நொடியாக மாற்ற மறக்காதே. வீட்டில் கால்குலேட்டரை ஒதுக்கிவிட்டு மடக்கை அட்டவணையிலேயே போட்டுப் பழகு.

இனி ஆறு வாரத்தைப் பிரிப்பது. பாடங்கள் 15. முதல் நான்கு வாரத்தில் எல்லாவற்றையும் மூடிய புத்தகத்தோடு ஒரு சுற்று முடி. ஒரே நாளில் இரண்டு கரிமப் பாடம் எடுக்காதே. காலையில் ஹைட்ராக்சி சேர்மங்கள் என்றால் மாலையில் வேகவியல் கணக்கு. புறப்பரப்பு வேதியியல், அன்றாட வாழ்வில் வேதியியல் இரண்டும் சின்னவை, குறைந்த உழைப்பில் மதிப்பெண் தரும். அவற்றைக் கடைசிக்கு ஒத்திப்போடாமல் முதல் வாரத்திலேயே முடித்துவிடு, கைக்குத் தெம்பு வரும். ஒரு மதிப்பெண் வினாக்களைப் புக் பேக்கில் பார்க்கும்போது நாலு விருப்பங்களையும் கையால் மறைத்துக்கொண்டு விடையைச் சொல். மீதி மூன்றும் ஏன் தப்பு என்றும் சொல்ல முடிந்தால், அந்த ஒரு கேள்வி நாலு கேள்விக்குச் சமம்.

கடைசி இரண்டு வாரம் முழு வினாத்தாள்கள், மூன்று மணி நேரம், கடிகாரம் வைத்து. இந்தப் பாடத்திட்டத்துக்கு முதல் பொதுத்தேர்வு 2020 மார்ச்சில் நடந்தது. 2021-இல் தேர்வு நடக்கவில்லை. 2020-க்கு முந்தைய தாள்களைத் தேடி நேரத்தைச் செலவழிக்காதே. துணைத்தேர்வுத் தாள்களையும் சேர்த்துக்கொள். மாதிரியும் மனதில் இருக்கட்டும்: 15 ஒரு மதிப்பெண் வினாக்கள், இரண்டு மதிப்பெண்ணில் 9-க்கு 6, மூன்று மதிப்பெண்ணில் 9-க்கு 6, ஐந்து மதிப்பெண்ணில் ஐந்து 'அல்லது' வினாக்கள். 24, 33 எண் வினாக்கள் கட்டாயம். அவை பெரும்பாலும் கணக்காகவோ, பாடத்தின் உள்ளிருந்து யோசிக்கவைக்கும் கேள்வியாகவோ வரும். பாடத்துக்குள் வரும் எடுத்துக்காட்டுக் கணக்குகளையும் 'தன்மதிப்பீடு' பகுதிகளையும் தாண்டிப் போகிறவர்கள் இழப்பது இங்கேதான்.

தேர்வறையில் வினாத்தாள் வாசிக்கப் பத்து நிமிடம் தருவார்கள். அதில் முதலில் அந்த இரண்டு கட்டாய வினாக்களைப் பார். பிறகு ஐந்து மதிப்பெண் ஜோடிகளில் எதை எழுதப்போகிறாய் என்று மனதுக்குள் முடிவு செய்துவிடு, எழுதத் தொடங்கியபின் மாற்றாதே. ஒரு மதிப்பெண் வினாக்களில் சந்தேகம் வருவதைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்.